அழுத்தம் உணரும் சாதனத்துக்குப் பேட்டன்ட்: "இதில் என்ன பெரிய விஷயம்?" என்று அவர்கள் கேட்கும் முன் நாமே கேட்டுக்கொள்வது எப்படி

சித்தப்பாவுக்குக் கை நடுக்கம். ஒரு 'க' தட்டினால் திரையில் நாலு 'க' வந்து விழும். அவருக்காக ஒரு கீபேட் செய்தேன். ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு அழுத்த சென்சார், எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று பார்த்து எழுத்தை ஏற்கும் அல்லது தள்ளிவிடும், அவ்வளவுதான். அது வேலை செய்ததும் பேட்டன்ட் ஆசை வந்துவிட்டது. விண்ணப்பித்தேன், காத்திருந்தேன், பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து எஃப்இஆர் எனப்படும் முதல் ஆய்வறிக்கை வந்தது. இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்து வைத்து, இவை தெரிந்த ஒருவருக்கு உங்கள் சாதனம் தானாகவே தோன்றியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். முதல் தடவை கோபத்தோடு படித்தேன். மூன்றாம் தடவை படித்தபோது அவர்கள் சொல்வது சரிதான் என்று புரிந்தது, அதுதான் இன்னும் வலித்தது.

அந்த வேலையை விண்ணப்பிக்கும் முன்பு நானே பத்து நாளில் செய்திருக்கலாம். எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி. நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன்.

ஒரே ஒரு பிரிவை மட்டும் மனதில் வையுங்கள்: 1970ஆம் வருட பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ). இன்வென்டிவ் ஸ்டெப் என்றால் என்ன என்று அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்ததைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றம் இருக்க வேண்டும், அல்லது பொருளாதார முக்கியத்துவம், அல்லது இரண்டும். அதோடு, துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது. அந்த 'அதோடு'வைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். "என் சாதனம் பாதி விலைதான் சார்" என்பது முதல் பாதிக்குப் பதில். இரண்டாவது பாதி அப்படியே நிற்கும்.

1. சாதனத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து வரிக்கு ஒரு உறுப்பு எழுதுங்கள். என்னுடையது இப்படி இருந்தது: (அ) கீகள் கொண்ட பலகை, (ஆ) ஒவ்வொரு கீக்கும் அடியில் அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை குறையும் சென்சார், (இ) அதைப் படிக்கும் மைக்ரோகன்ட்ரோலர், (ஈ) ஒரு அளவுக்கு மேல் அழுத்தம் நிலைத்தால் மட்டும் எழுத்தை அனுப்புவது.

"நடுக்கம் உள்ளவர்களுக்கு உதவுகிறது" என்பது உறுப்பு இல்லை, நோக்கம். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் க்ளெய்மில், அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் நாம் எழுதும் பகுதியில், உள்ள உறுப்புகளைத்தான் ஒப்பிடுவார்கள். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

2. தேதியை முதலில் பிடித்து வையுங்கள்

எளிதில் தோன்றுமா என்பது இன்றைய அறிவை வைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் முன்னுரிமைத் தேதியன்று உலகத்துக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் பார்ப்பார்கள். அந்தத் தேதி, முதல் விண்ணப்பம் போட்ட நாள். கண்டுபிடிப்பை விவரித்து விண்ணப்பத்தோடு தரும் ஆவணம்தான் விவரக்குறிப்பு. அதன் தற்காலிக வடிவம், அதாவது ப்ரொவிஷனல், போட்டாலே தேதி கிடைத்துவிடும். அதில் எழுதிய விஷயங்களுக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போட வேண்டும். 13ஆம் மாதம் போய் நின்றால் ஒன்றும் நடக்காது.

இங்கே ஒரு பெரிய குழி. கல்லூரிக் கண்காட்சியில் வைப்பது, யூடியூபில் வீடியோ போடுவது, ஆய்வுக் கட்டுரை வெளியிடுவது, இவற்றையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன் செய்தால் உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான ஆவணம். பிரிவு 31 சில விதிவிலக்குகள் தருகிறது, ஆனால் அவை குறுகலானவை. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்றவற்றுக்குத்தான். ஊர்க் கல்லூரி விழா அதில் வராது. அமெரிக்காவில் ஒரு வருடம் அவகாசம் உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு இங்கே ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

3. தேடுங்கள், உங்கள் துறைக்கு வெளியேயும்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'தேடல் அறிக்கை' தருகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கினார். கீபோர்டு, பிரஷர், சென்சார் என்று மூன்று சொல் போட்டுத் தேடியதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். எஃப்இஆரில் வந்த இரண்டில் ஒன்று எதைப் பற்றியது தெரியுமா? இசைக் கீபோர்டு. அழுத்திய கட்டையை இன்னும் அழுத்தினால் ஒலி மாறும் வசதி, ஆஃப்டர்டச் என்பார்கள். யமஹாவின் சிஎஸ்-80 சின்தசைசரில் 1977லேயே கட்டைக்குக் கட்டை தனித்தனியாக அது இருந்தது. என் தெருவிலேயே மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் "எங்க பொட்டியில இது எப்பவோ இருக்கே" என்றார். ஒரு டீ செலவில் தெரிந்திருக்க வேண்டியது.

சொற்களை வைத்துத் தேடுவதோடு நிற்காதீர்கள், பேட்டன்ட்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்களை வைத்தும் தேடுங்கள். அழுத்தம் உணரும் உள்ளீட்டுச் சாதனங்கள் பெரும்பாலும் இந்த இடங்களில் கிடக்கும்: விசையை அளந்து தொட்ட இடத்தைக் கண்டுபிடிப்பவை ஜி06எஃப் 3/0414, நகராத ஜாய்ஸ்டிக் வகைகள் ஜி06எஃப் 3/0338, மின்தடை மாற்றத்தால் விசையை அளக்கும் சென்சார்கள் ஜி01எல் 1/20, அழுத்து சுவிட்சுகள் எச்01எச் 13. தேட வேண்டிய தளங்கள்: கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், நம் நாட்டு விண்ணப்பங்களுக்கு இன்பாஸ். நாலும் இலவசம்.

அப்புறம், பேட்டன்ட் ஆவணம் மட்டும்தான் முந்தைய அறிவு என்று நினைக்காதீர்கள். கடையில் விற்ற பொருளும் அதில் சேரும். உங்கள் பட்டியலில் குறைந்தது இவை இருக்கட்டும்: விரலால் தள்ளும் விசையை அளந்து கர்சரை நகர்த்தும் திங்க்பேடின் சிவப்புக் குமிழ் (1992), அழுத்தத்தின் அளவை உணரும் பட்டன்களோடு வந்த ப்ளேஸ்டேஷன் 2இன் கன்ட்ரோலர் (2000), திரையை எவ்வளவு அழுத்துகிறோம் என்று உணரும் ஐபோன் 6எஸ் (2015), பக்கவாட்டில் பிடித்து அமுக்கினால் வேலை செய்யும் எச்டிசி யு11 (2017), கணினியில் வரையப் பயன்படும், அழுத்தம் உணரும் வாக்காம் பேனாக்கள். இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு பார்த்தால் "அழுத்தத்தின் அளவைப் பொறுத்து வேறு வேறு வேலை" என்பது இன்று யாருக்கும் புதிதில்லை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சென்சார் தயாரிப்பாளர்கள் தரும் கையேட்டையும் விடாதீர்கள். எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள்.

தேதி பார்க்கும்போது ஒரு நுணுக்கம். ஒரு பேட்டன்ட் பக்கத்தில் மூன்று நாலு தேதிகள் இருக்கும். எளிதில் தோன்றுமா என்ற கேள்விக்கு வெளியான தேதி உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். உங்களுக்கு முன் தாக்கலாகி, உங்களுக்குப் பின் வெளியான இந்திய விண்ணப்பம் புதுமை இல்லை என்று சொல்லப் பயன்படலாம், இந்தக் கேள்விக்குப் பயன்படாது. எஃப்இஆரில் காட்டும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் இதைச் சரிபாருங்கள்.

4. அந்த 'துறை தெரிந்தவர்' யார்?

சட்டம் ஒரு கற்பனை ஆளை வைத்திருக்கிறது. மேதை இல்லை, முட்டாளும் இல்லை. நம் விஷயத்தில் நான் இப்படிக் கற்பனை செய்துகொள்கிறேன்: எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், நாலைந்து வருடம் கீபோர்டோ ரிமோட்டோ வடிவமைத்தவர், சென்னை ரிச்சி தெருவில் சென்சார் வாங்கி வந்து ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து அன்று சாயங்காலமே அளவு எடுத்துவிடுவார். தன் துறையில் வெளியான எல்லாவற்றையும் படித்திருப்பார். ஆனால் உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றிக் கேள்விப்படவே இல்லை.

உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் சொன்னது இன்றும் அடிப்படை. பாத்திரத்தைக் கடைசல் மெஷினில் பிடித்துச் சுழற்றும் கருவி பற்றிய வழக்கு அது. முன்பே வெளியான ஆவணத்தை, பிரச்சினை தெரிந்த ஆனால் தீர்வு தெரியாத ஒரு தேர்ந்த கைவினைஞர் கையில் கொடுத்தால், எனக்கு வேண்டியது இதோ இருக்கிறது என்பாரா? இதுதான் சோதனை. அந்த வழக்கில் பேட்டன்ட் நிற்கவில்லை.

5. வித்தியாசத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

மிக நெருக்கமான ஆவணம் ஒன்றை எடுத்து, உங்கள் உறுப்புப் பட்டியலில் அதில் உள்ளவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். எது மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் வித்தியாசம். என் பட்டியலில் அ, ஆ, இ மூன்றும் முதல் ஆவணத்திலேயே போய்விட்டன. மிஞ்சியது (ஈ), அதுவும் இசைக் கீபோர்டு ஆவணத்தில் பாதி இருந்தது. வரி காலி.

மிஞ்சுவது ஒரு எண் மட்டும்தான் என்றால், உதாரணமாக "அழுத்தம் இத்தனை கிராமுக்கு மேல்", பெரும்பாலும் அது போதாது. நாலு அளவு வைத்துப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது எந்த இன்ஜினியரும் செய்யும் வேலை. சென்சார் வகையை மாற்றியதும் அப்படித்தான். ஸ்ட்ரெயின் கேஜுக்குப் பதில் மின்தடை சென்சார், அதற்குப் பதில் கெப்பாசிடிவ் என்று மாற்றி, எதிர்பார்த்த விளைவே வந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது.

6. சேர்த்துப் பார்க்க அவருக்குக் காரணம் இருந்ததா?

மொத்த ஆய்வும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. இரண்டு ஆவணங்களைச் சேர்க்க முடியும் என்பது போதாது, அந்தத் தேதியில் அவர் சேர்த்திருப்பாரா, ஏன் சேர்த்திருப்பார் என்று கேட்க வேண்டும். விடை தெரிந்த விடுகதை எல்லாருக்கும் சுலபம்தான். விண்ணப்பத்தை ஆராயும் எக்ஸாமினருக்கும் அந்த ஆபத்து உண்டு, நமக்கும் உண்டு, நமக்கு எதிர்த் திசையில்.

நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு ஆவணங்களும் ஒரே பிரச்சினையைப் பேசுகின்றனவா? ஒன்றின் பாகத்தை மற்றதில் வைத்தால் வேறு எதையும் மாற்றாமல் வேலை செய்யுமா? ஏதாவது ஒரு ஆவணம் அப்படிச் செய்யாதே என்கிறதா? மூன்றாவதற்கு 'ஆமாம்' கிடைத்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பத்திரமாக வையுங்கள், அது தங்கம்.

நம் சாதனத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி ஒரு அமெரிக்க வழக்கு இருக்கிறது, கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ், 2007. காரில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஆக்ஸிலரேட்டர் பெடலில், நகராத அச்சில் மின்னணு சென்சாரைப் பொருத்தியதற்குப் பேட்டன்ட். பெடலும் இருந்தது, சென்சாரும் இருந்தது, வண்டிகள் மின்னணுவுக்கு மாறிக்கொண்டிருந்தன. எங்கே பொருத்துவது என்பதற்கு நியாயமான இடமும் அதுதான். எளிதில் தோன்றக்கூடியது என்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் 'பழைய பொருளில் சென்சார் பொருத்தினேன்' வகைக் கண்டுபிடிப்பாளர் எல்லாரும் ஒரு தடவை படிக்க வேண்டியது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முதல் க்ளெய்ம் மேலே சொன்ன மூன்றிலும் தோற்றது. ஆனால் விவரக்குறிப்பின் 14ஆம் பக்கத்தில், ஒரு மாற்று வடிவமாக இரண்டு வரியும் ஒரு படமும் இருந்தன: உள்ளங்கை வைக்கும் திண்டின் அடியிலும் ஒரு சென்சார். நடுக்கம் திண்டையும் கீயையும் சேர்த்தே ஆட்டும், வேண்டுமென்று அழுத்தினால் கீ மட்டும்தான் அழுந்தும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நடுக்கம் போய்விடும். முந்தைய ஆவணங்கள் நடுக்கத்தை மென்பொருளில் வடிகட்டின. நடுக்கம் விநாடிக்கு நாலு தடவை என்றால் ஒரு ஆட்டம் முடியவே கால் விநாடி ஆகிறது, அதனால் அந்த வழியில் எழுத்து தாமதமாகத்தான் வரும். கழிக்கும் வழியில் அந்தக் காத்திருப்பு இல்லை.

பேட்டன்ட் அலுவலக விசாரணையில் உடனே கேட்டார்கள்: இரைச்சலைக் கழிக்கும் ஹெட்போனில் இதே யுக்திதானே? நல்ல கேள்வி. நான் சொன்ன பதில், கழிப்பது பழசுதான், ஆனால் காட்டிய ஆவணங்கள் எல்லாம் திண்டைக் கையைத் தாங்கும் வெறும் மெத்தையாகத்தான் பார்க்கின்றன. நடுக்கத்தை அளக்க அதுதான் சரியான இடம் என்று எண்ண எதிலும் ஒரு வரி கூட இல்லை. முதல் க்ளெய்மில் திண்டு சென்சாரைச் சேர்த்துச் சுருக்கிக்கொண்டேன். அது நின்றது.

7. விளைவை அளந்து, விண்ணப்பத்திலேயே எழுதி வையுங்கள்

பிரிவு 59 திருத்தத்தை இறுக்கிப் பிடிக்கிறது. க்ளெய்மைச் சுருக்கலாம், விளக்கலாம், பிழை திருத்தலாம். முதலில் எழுதாத விஷயத்தைப் பிறகு நுழைக்க முடியாது. 14ஆம் பக்கத்து இரண்டு வரி இல்லாவிட்டால் என் கதை எஃப்இஆரோடு முடிந்திருக்கும். அதனால் மனதில் தோன்றும் எல்லா மாற்று வடிவங்களையும், இது எதற்கு என்று தோன்றுவதையும், படத்தோடு எழுதுங்கள்.

அளப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். சித்தப்பாவைத் தன் வீட்டு முகவரியை இருபது தடவை தட்டச் சொன்னேன், திண்டு சென்சாரை இணைத்துப் பத்து, கழற்றிப் பத்து. தவறி விழுந்த எழுத்துகளை எண்ணி, தேதி போட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஏழாவது தடவையில் "ஏம்ப்பா, போஸ்ட்மேன் வேலைக்கு எடுக்கப் போறியா?" என்றார்.

8. பக்கத்தில் இருக்கும் இரண்டு குழிகள்

பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்களை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு இல்லை. அழுத்த சென்சார், ப்ளூடூத், எல்ஈடி விளக்கு என்று சேர்த்துக்கொண்டே போவது உதவாது. ஒன்று இன்னொன்றை எப்படி மாற்றுகிறது என்று காட்ட வேண்டும். பிரிவு 3(கே): வித்தியாசம் முழுக்க நிரலில் இருந்தால் கணினி நிரல், அல்காரிதம் என்று தள்ள வாய்ப்பு. சென்சார் எங்கே இருக்கிறது, எதோடு இணைந்திருக்கிறது என்று வன்பொருளைக் க்ளெய்முக்குள் கொண்டுவாருங்கள்.

9. தாள்கள், பணம், நாள்

தமிழ்நாட்டிலிருந்து போடுபவர்களுக்குக் கிண்டியில் உள்ள சென்னை பேட்டன்ட் அலுவலகம்தான். ஆன்லைனில் போடலாம், அதற்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு, படிவம் 3 வெளிநாட்டு விண்ணப்ப விவரம், முழு விவரக்குறிப்போடு படிவம் 5, பேட்டன்ட் ஏஜென்ட் வைத்தால் படிவம் 26. ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம் என்றால் படிவம் 28. தனிநபருக்கு அது வேண்டாம்.

தனிநபர், ஆன்லைன் கட்டணம்: விண்ணப்பம் 1,600 ரூபாய், 30 பக்கம் 10 க்ளெய்ம் வரை. அதற்கு மேல் பக்கத்துக்கு 160, க்ளெய்முக்கு 320. ஆய்வுக் கோரிக்கை, படிவம் 18, 4,000. சீக்கிரம் வெளியிட, படிவம் 9, 2,500. விரைவு ஆய்வு, படிவம் 18ஏ, 8,000. இது எல்லாருக்கும் கிடைக்காது, ஆனால் விண்ணப்பதாரர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தால் கிடைக்கும். கட்டும் முன் விதிகளின் முதல் அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் கட்டணம் தனி. தேடல், எழுதுவது, எஃப்இஆர் பதில், விசாரணை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், 'மொத்தமா பாத்துக்கலாம் சார்' என்பவரிடம் ஜாக்கிரதை.

விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதத்தில் வெளியாகும். விண்ணப்பித்தாலே ஆய்வு தொடங்கிவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள், ஆய்வுக் கோரிக்கை தனியாகப் போட வேண்டும். 2024 மார்ச் 15 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு அதற்கான கெடு 31 மாதம், முன்பு 48 ஆக இருந்தது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு 48 என்று நம்பியிருந்தால் விண்ணப்பமே கைவிட்டதாக ஆகிவிடும்.

10. எஃப்இஆர் வந்தபின்

பதில் தர 6 மாதம். அது முடியும் முன் படிவம் 4 போட்டுக் கேட்டால் இன்னும் 3 மாதம் வரை. ஆறாவது மாதம் ஆரம்பிக்காதீர்கள், எனக்கு ஆவணங்களைப் படித்து முடிக்கவே இரண்டு மாதம் போனது.

பதிலில் உங்கள் உழைப்பையும் சித்தப்பா கதையையும் எழுதாதீர்கள். 5, 6ஆம் படிகளில் தயாரித்ததை அப்படியே வையுங்கள்: ஆவணம் ஒன்றில் என்ன இருக்கிறது, எது இல்லை, ஆவணம் இரண்டை ஏன் அதோடு சேர்க்க மாட்டார்கள், வித்தியாசத்தால் என்ன விளைவு. எதிராக உத்தரவு வந்தாலும் இதே கணக்குதான் பயன்படும். 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில், இன்வென்டிவ் ஸ்டெப் இல்லை என்று மறுக்கும் கன்ட்ரோலர் (பேட்டன்ட் அலுவலக அதிகாரி) முந்தைய ஆவணத்தில் உள்ளது என்ன, விண்ணப்பத்தில் உள்ளது என்ன, ஒன்றிலிருந்து மற்றது துறை தெரிந்தவருக்கு எப்படித் தோன்றும் என்ற மூன்றையும் விளக்க வேண்டும் என்றது. மூன்றாவது இல்லாமல் வெறும் 'தோன்றும்' என்று மட்டும் இருந்தால் மேல்முறையீட்டில் பிடித்துக்கொள்ளலாம். அது உயர் நீதிமன்றத்துக்குப் போகும், கெடு மூன்று மாதம்.

விசாரணை வீடியோவில் நடக்கும். கீபேடைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், திண்டைத் திருப்பிக் காட்டியபோதுதான் என் வாதம் புரிந்தது என்று நினைக்கிறேன். முடிந்ததிலிருந்து 15 நாளுக்குள் எழுத்து வாதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். திருத்திய க்ளெய்ம்களை அதோடு சேர்த்துப் போடும்போது, மாற்றம் தெரியும்படி கோடிட்ட பிரதி ஒன்று, சுத்தமான பிரதி ஒன்று என்று இரண்டும் வையுங்கள். டிஜிட்டல் கையெழுத்தின் ஆயுள் முடிந்துவிட்டதா என்று முதல் நாளே பாருங்கள். எனக்கு 14ஆம் நாள் ராத்திரிதான் தெரிந்தது.